சரிவான பின்தோட்டமா? செலவை சதுர அடியில கணக்குப் போடாதீங்க!



வேலை சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ. ஆனா சொந்த வீடு மேல, கொடைக்கானல் பக்கம். பெருமாள்மலை, வில்பட்டி, பண்ணைக்காடுன்னு எங்கயாவது அப்பா அம்மா இருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி மூணு சென்ட் இடம் சரிவா சும்மா கிடக்கு. மழை வந்தா வழுக்கும். துணி காயப் போடக்கூட அம்மாவால இறங்க முடியலை. "இதை சமப்படுத்தி, உட்கார ஒரு இடம் பண்ணி, நாலு பூச்செடி வச்சுடலாம். ஒரு லட்சம் இருந்தா போதுமா?"

சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிள்ளைகள் வீட்டுக்குச் செய்ய நினைக்கிற நல்ல காரியங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆனா பட்ஜெட் கைமீறிப் போறதும் இந்த மாதிரி வேலையிலதான். காரணம் ரொம்ப சிம்பிள். நாம செடிக்கும் டைல்ஸுக்கும் கணக்குப் போடறோம். சரிவான இடத்துல பணம் போறது கண்ணுக்குத் தெரியாத மூணு விஷயத்துக்கு: மண், சுவர், தண்ணி.

இந்தப் பாடத்துல அந்த மூணுக்கும் நீங்களே எஸ்டிமேட் போடக் கத்துக்கப் போறீங்க. ஒரு பேப்பர், பேனா, மொபைல் கால்குலேட்டர் எடுத்து வச்சுக்கோங்க. வீடியோ மாதிரி ஓட்டிப் பார்க்காம, கூடவே கணக்குப் போட்டுட்டே படிங்க.

1. சதுர அடி ரேட் ஏன் இங்க உதவாது?

மதுரையில சமதளமான 1,200 சதுர அடி இடம் இருந்தா, "சதுர அடிக்கு இவ்வளவு"ன்னு ஒரு ரேட் பேசிடலாம். புல், நடைபாதை, செடி எல்லாமே பரப்பளவுக்கு ஏத்த மாதிரிதான் கூடும், குறையும்.

சரிவுல அப்படி இல்ல. அதே 1,200 சதுர அடி, 4 அடி இறக்கமா இருந்தா ஒரு செலவு, 10 அடி இறக்கமா இருந்தா வேற செலவு. இங்க பில்லைத் தீர்மானிக்கிறது பரப்பளவு இல்ல, உயரம். வெட்டி எடுக்கிற மண்ணுக்கும் கட்டுற சுவருக்கும் கன அடியிலதான் கணக்கு. அதனால சதுர அடி ரேட் சொல்லி யாராவது கொட்டேஷன் கொடுத்தா, அவர் இடத்தைச் சரியா பார்க்கலைன்னு அர்த்தம். இல்லைன்னா பாதி வேலையில "எக்ஸ்ட்ரா" கேட்பாருன்னு அர்த்தம்.

2. முதல்ல சரிவை அளங்க

இதுக்கு சர்வேயர் தேவையில்லை. கொத்தனார்கிட்ட டியூப் லெவல் இருக்கும். தண்ணி நிரப்பின, உள்ளே தெரியற நீளமான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். மேல் முனையில ஒருத்தர், கீழ் முனையில ஒருத்தர் குச்சியோட நின்னு, தரையிலிருந்து தண்ணி மட்டம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு ரெண்டு இடத்துலயும் அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். இறக்கம் அதிகமா இருந்தா ரெண்டு மூணு கட்டமா அளந்து கூட்டிக்கோங்க.

நீளத்தை அளக்கும்போது டேப்பைச் சரிவோட படுக்க வைக்காதீங்க. மட்டமா பிடிச்சு அளங்க.

இந்தப் பாடம் முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்குவோம்:

- அகலம்: 30 அடி
- நீளம்: 40 அடி (வீட்டுச் சுவரிலிருந்து 6 அடி தள்ளி ஆரம்பிக்குது)
- மொத்த இறக்கம்: 10 அடி
- பரப்பு: 1,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்போ சுமார் 2.75 சென்ட்

அந்த 6 அடியை ஏன் விட்டோம்? வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணை வெட்டவே கூடாது. தோட்டத்துக்காக வீட்டை ஆட்டம் காண வைக்கிறது எந்தக் கணக்குலயும் லாபம் இல்ல.

3. மண் கணக்கு

சரிவைச் சமதளமா மாத்துற வழி, மேல் பாதியில வெட்டி, அதே மண்ணைக் கீழ் பாதியில போட்டு நிரப்புறது. வெளியிலிருந்து மண் வாங்க வேண்டாம், உள்ள மண்ணை வெளியே அனுப்பவும் வேண்டாம். அப்படி இருந்தாதான் செலவு குறையும். எவ்வளவு வெட்டணும்ங்கிறதுக்கு இதுதான் சூத்திரம்:

வெட்டுற மண் (கன அடி) = நீளம் × இறக்கம் × அகலம் ÷ 8 ÷ தளங்களின் எண்ணிக்கை

நம்ம உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம்:

- ஒரே தளம்: 40 × 10 × 30 ÷ 8 = 1,500 கன அடி
- 2 தளம்: 750 கன அடி
- 4 தளம்: 375 கன அடி

கவனிச்சீங்களா? இடம் அதேதான், இறக்கமும் அதேதான். தளத்தை ரெண்டிலிருந்து நாலாக்கினா மண் வேலை பாதியாகுது. பூம்பாறை போற வழியில கீழே தெரியற பூண்டு வயல்களைப் பார்த்திருப்பீங்க. சின்னச் சின்னப் படிக்கட்டா இறங்கும். அது அழகுக்காகச் செஞ்சது இல்ல. கையால வெட்டுறவங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகிற கணக்கு.

ஒரு கன அடி ஈர மண் சுமார் 50 கிலோ. 375 கன அடின்னா கிட்டத்தட்ட 19 டன். ஒரு சட்டிக்கு 20 கிலோன்னு வச்சா சுமார் 940 சட்டி. 750 கன அடின்னா அது அப்படியே இரட்டிப்பு. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 40 கன அடி வெட்டி, நகர்த்தி, இடிச்சு இறுக்குவார்னு வச்சுக்கிட்டா, 4 தளத்துக்கு 10 ஆள் கூலி, 2 தளத்துக்கு 19 ஆள் கூலி.

"ஜேசிபி விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே?" சமவெளியில சரி. மலையில முடியாது. அது ஏன்னு ஏழாவது பகுதியில பார்ப்போம்.

4. சுவர் கணக்கு: பணத்தின் பெரும்பகுதி இங்கதான்

இப்ப ஒரு விசித்திரமான விஷயம். 10 அடி இறக்கத்தை எத்தனை தளமா பிரிச்சாலும், எல்லாச் சுவர் உயரத்தையும் கூட்டினா அதே 10 அடிதான் வரும். 5 அடி சுவர் ஒண்ணு, 2.5 அடி சுவர் ரெண்டுன்னாலும் 10. சின்னச் சின்னதா பிரிச்சாலும் 10. அப்போ செலவும் ஒண்ணுதானேன்னு தோணும்.

இல்ல. சுவருக்குப் பின்னாடி இருக்கிற மண் அதைத் தள்ளிக்கிட்டே இருக்கு. சுவர் உயரம் ரெண்டு மடங்கானா, அந்தத் தள்ளுவிசை நாலு மடங்காகும். அதனால உயரமான சுவர் தடிமனாவும் இருக்கணும், அஸ்திவாரமும் ஆழமா போகணும். கருங்கல் கட்டு சுவருக்கு, எஸ்டிமேட் போடற அளவுக்கு இப்படி எடுத்துக்கலாம்:

- 5 அடி சுவர்: மேலே 1.5 அடி, அடியில 3 அடி தடிமன். அஸ்திவாரம் 3.5 அடி அகலம், 1.5 அடி ஆழம். ஒரு அடி நீளத்துக்கு 16.5 கன அடி கட்டு.
- 2.5 அடி சுவர்: தடிமன் 1.5 அடி. அஸ்திவாரம் 2 அடி அகலம், 1 அடி ஆழம். ஒரு அடி நீளத்துக்கு 5.75 கன அடி.
- 1.5 அடி சுவர்: அஸ்திவாரத்தோட சேர்த்து 2.5 அடி உயரம், 1.5 அடி தடிமன். ஒரு அடி நீளத்துக்கு 3.75 கன அடி.

பாருங்க. 5 அடி சுவர் ஒண்ணு கட்டுற கல்லுல, 2.5 அடி சுவர் கிட்டத்தட்ட மூணு கட்டலாம்.

பாதுகாப்புக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவுல பல ஊர்கள்ல, அஸ்திவாரத்தோட அடியிலிருந்து 4 அடிக்கு மேல போற தடுப்புச்சுவருக்குத் தனி அனுமதி வாங்கணும். நம்ம வீட்டுக்கும் அதை ஒரு கோடா வச்சுக்கலாம். 4 அடிக்கு மேல சுவர் வேணும்னாலோ, சரிவு ரெண்டுக்கு ஒண்ணைவிட செங்குத்தா இருந்தாலோ, கீழே ஒட்டினாப்போல இன்னொரு வீடு இருந்தாலோ, மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸையும் எஸ்டிமேட்ல சேருங்க. உங்க சுவர் சாஞ்சா அது விழப்போறது உங்க தோட்டத்துல இல்ல, கீழ் வீட்டுக்காரர் சமையல்கட்டு மேல.

5. தண்ணி கணக்கு

சுவர் சாயறதுக்குப் பெரும்பாலும் காரணம் மண் இல்ல, மண்ணுக்குள்ள தேங்கின தண்ணி. கொடைக்கானலுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பர்ல பெய்யறதுதான் பலமான மழை.

24 மணி நேரத்துல 64.5 மி.மீ. மழையைத் தொட்டாலே இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் கனமழைன்னு சொல்லும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மி.மீ. மழைன்னா ஒரு லிட்டர் தண்ணி. 65 மி.மீ. மழைக்குக் கணக்குப் போடுங்க:

- தோட்டம் 1,200 சதுர அடி, அதாவது 111.5 சதுர மீட்டர்: சுமார் 7,250 லிட்டர்
- வீட்டுக் கூரை 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர்: சுமார் 6,050 லிட்டர்

மொத்தம் 13,300 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரியை உங்க பின்தோட்டத்துல கவிழ்த்த மாதிரி. மேல் வீட்டுலயிருந்து வழிஞ்சு வர்ற தண்ணி இதுல சேரலை.

இந்தத் தண்ணி போக மூணு வழி வேணும். ஒண்ணு, தோட்டத்தின் மேல் ஓரத்துல குறுக்கே ஒரு வாய்க்கால், 30 அடி. ரெண்டு, பக்கவாட்டுல கீழே இறங்குற வாய்க்கால், 40 அடி. மூணு, ஒவ்வொரு சுவருக்கும் பின்னாடி ஜல்லி நிரப்பு, அடியில துளை போட்ட பைப், சுவர்ல தண்ணி வடியற ஓட்டைகள். கூரைத் தண்ணியை ஒரு தொட்டிக்குத் திருப்பினா இன்னும் நல்லது. கோடையில செடிக்கு அதுவே ஆகும்.

தென் அமெரிக்காவுல பெரு நாட்டு மலை மேல இருக்கிற மாச்சு பிச்சுவை இன்கா மக்கள் 15-ம் நூற்றாண்டுல கட்டினாங்க. அங்க ஒவ்வொரு தளத்துக்கு அடியிலயும் கல், அதுக்கு மேல சரளை, அதுக்கு மேல நல்ல மண்ணுன்னு அடுக்கி வச்சிருக்காங்க. மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணி வடிஞ்சிடும். இத்தனை நூற்றாண்டு கழிச்சும் தளங்கள் நிக்குது. மேலே தெரியறது புல்தான், காப்பாத்துறது அடியில கிடக்கிற கல்லு.

6. மூணு திட்டம், மூணு பில்

இப்ப எல்லாத்தையும் சேர்ப்போம். கீழே வர்ற ரேட் எல்லாம் கணக்கைப் புரிஞ்சுக்க நான் எடுத்துக்கிட்ட எண்கள், மார்க்கெட் ரேட் இல்ல. உங்க ஊர் மேஸ்திரி சொல்ற ரேட்டை இந்த இடத்துல போட்டுக்கோங்க.

ஆள் கூலி நாளைக்கு ₹900. கருங்கல் கட்டு, கல், சிமென்ட், மணல், ஏத்துக்கூலி, கொத்தனார் எல்லாம் சேர்த்து கன அடிக்கு ₹200. வாய்க்கால் அடிக்கு ₹400. சுவருக்குப் பின்னாடி ஜல்லியும் பைப்பும் சுவர் நீளத்துல அடிக்கு ₹150. படி ஒண்ணுக்கு ₹1,200.

திட்டம் 1: அகலமான 2 தளம். நடுவுல 5 அடி சுவர், மேலயும் கீழயும் 2.5 அடி சுவர்.
- மண் வேலை (19 ஆள்): ₹17,100
- சுவர் (840 கன அடி): ₹1,68,000
- வாய்க்கால் (70 அடி): ₹28,000
- ஜல்லி, பைப் (90 அடி): ₹13,500
- படிகள் (20): ₹24,000
- செடி, எரு: ₹25,000
- மொத்தம்: ₹2,75,600

திட்டம் 2: சின்ன 4 தளம். 2.5 அடி சுவர் மூணு. மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் வர்ற 1.25 அடி இறக்கத்துக்குச் சுவர் இல்ல, புல் கரை.
- மண் வேலை (10 ஆள்): ₹9,000
- சுவர் (518 கன அடி): ₹1,03,600
- வாய்க்கால்: ₹28,000
- ஜல்லி, பைப் (90 அடி): ₹13,500
- படிகள் (20): ₹24,000
- செடி, எரு: ₹25,000
- மொத்தம்: ₹2,03,100

திட்டம் 3: வீட்டுக்குப் பக்கத்துல 12 அடி ஆழத்துக்கு ஒரே ஒரு உட்காரும் தளம். அதுக்கு மேலயும் கீழயும் 1.5 அடி சுவர். மீதி 28 அடியைச் சரிவாவே விட்டு, புல்லும் புதர்ச்செடியும், ஒரு ஒத்தையடிப் பாதையும்.
- மண் வேலை (4 ஆள்): ₹3,600
- சுவர் (225 கன அடி): ₹45,000
- வாய்க்கால்: ₹28,000
- ஜல்லி, பைப் (60 அடி): ₹9,000
- படிகள் (10): ₹12,000
- செடி, எரு: ₹30,000
- மொத்தம்: ₹1,27,600

மலை வேலைக்கு 20% கைவசம் வைக்கணும். தோண்டினா பாறை வரும், நடுவுல மழை வரும். அதைச் சேர்த்தா திட்டம் 1 சுமார் ₹3.31 லட்சம், திட்டம் 2 சுமார் ₹2.44 லட்சம், திட்டம் 3 சுமார் ₹1.53 லட்சம்.

ரெண்டு விஷயம் குறிச்சுக்கோங்க. முதலாவது, திட்டம் 2-ல செடிக்குப் போறது நூறு ரூபாய்ல 12 ரூபாய்தான். நாம மனசுல கணக்குப் போட்டது அந்த 12 ரூபாயை மட்டும்தான். ரெண்டாவது, கட்டு ரேட் கன அடிக்கு வெறும் ₹50 ஏறினா திட்டம் 1-ல ₹42,000 கூடும், திட்டம் 2-ல ₹25,900, திட்டம் 3-ல ₹11,250. கல்லு எந்தத் திட்டத்துல அதிகமோ, விலை ஏறும்போது அதுதான் அதிகமா ஆடும்.

சரிவைச் சரிவாவே விடுறது தோல்வி இல்ல. அங்க வேர் வேலை செய்யும். வெட்டிவேர்ங்கிற நம்ம தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்கே போயிருக்கு. அதோட வேர் பக்கவாட்டுல ஓடாம நேரா கீழே 2, 3 மீட்டர் இறங்கும். மண் அரிப்பைத் தடுக்க உலகத்துல பல நாடுகள்ல நடறாங்க. பண்ணைக்காடு, தாண்டிக்குடி மாதிரி கீழ்மலையில நல்லா வரும். மேல்மலைக் குளிருல மெதுவாத்தான் வளரும். அங்க ஏற்கெனவே இருக்கிற புல்லை அழிக்காம விடறதே பாதி வேலை.

7. மலைக்கே உரிய செலவுகள்

போக்குவரத்து: சிமென்ட், கம்பி, பைப் மாதிரி சாமான் வத்தலக்குண்டு பக்கமோ பழனி பக்கமோ மலைப்பாதை ஏறித்தான் வரணும். கல், ஜல்லி, மணல் எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. விலை கேட்கும்போது "சைட்ல இறக்கியா, ரோட்டுல இறக்கியா?"ன்னு கட்டாயம் கேளுங்க. லாரி ரோட்டோட நின்னுடும். அங்கிருந்து பின்தோட்டம் வரைக்கும் தலைச்சுமைதான். அந்தக் கூலி தனி வரியா எஸ்டிமேட்ல இருக்கணும். வெட்டும்போது வர்ற கல்லைத் தூக்கி எறியாதீங்க. அதையே கட்டுக்குப் பயன்படுத்தினா கல்லுக்கும் லாரிக்கும் கொடுக்கிற காசு மிச்சம்.

அனுமதி: தமிழ்நாட்டுல மலைப்பகுதிக்குன்னு தனிக் கட்டுப்பாடு உண்டு. ஹாகான்னு சுருக்கமா சொல்ற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல அமைக்கப்பட்டது. கொடைக்கானல் பகுதி அதுக்குக் கீழ வருது. ஜேசிபி மாதிரி மண் அள்ளும் இயந்திரங்களை இங்க அனுமதி இல்லாம இறக்க முடியாது. அதனாலதான் மண் வேலையை ஆள் கணக்குல போட்டோம். மரம் வெட்டணும்னா 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. உங்க பட்டா நிலத்துல நிக்கிற மரமா இருந்தாலும் அனுமதி தேவை. வேலை ஆரம்பிக்கும் முன்னாடி நகராட்சியிலயோ ஊராட்சியிலயோ எழுத்துல கேட்டுக்கோங்க. அப்பாவை அலைய விடாதீங்க, நீங்களே ஒரு நாள் லீவு போட்டுப் போங்க.

8. கொட்டேஷன் வாங்குற முறை

"மொத்தமா ரெண்டு லட்சம் கொடுங்க, முடிச்சுத் தர்றேன்"ங்கிற லம்சம் பேச்சு வேண்டாம். மேலே பார்த்த ஆறு வரியையும் ஒரு பேப்பர்ல எழுதி, அளவை நீங்களே நிரப்பிடுங்க. ரேட் காலத்தை மட்டும் காலியா விட்டு, குறைஞ்சது மூணு மேஸ்திரிகிட்ட கொடுங்க. எல்லாரும் ஒரே அளவுக்கு ரேட் போடும்போதுதான் ஒப்பிட முடியும்.

மூணு பேர்ல ஒருத்தர் மட்டும் ரொம்பக் குறைவா சொன்னா சந்தோஷப்படாதீங்க. அவர் எந்த வரியை விட்டிருக்கார்னு பாருங்க. பெரும்பாலும் அது ஜல்லியும் பைப்புமா இருக்கும். ஏன்னா மண்ணு மூடின பிறகு அது இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. "போட்டோ வந்த பிறகுதான் அந்தத் தவணை"ன்னு முதல்லயே பேசிடுங்க. அதுல கோபப்பட ஒண்ணும் இல்ல, நல்ல வேலைக்காரர் சந்தோஷமா அனுப்புவார்.

முன்பணம் சாமான் வாங்குற அளவுக்கு மட்டும். மீதி எல்லாம் முடிஞ்ச வேலையை அளந்து கொடுங்க. 10% பணத்தை முதல் பெருமழை முடியற வரைக்கும் நிறுத்தி வைக்க ஒத்துக்குவாரான்னு கேட்டுப் பாருங்க.

9. பணம் எங்கிருந்து?

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டு பேராலயும் மாசம் சுமார் ₹8,500 ஒதுக்க முடியும்.

முதலாமவர் ₹2,50,000 பர்சனல் லோன் எடுத்து உடனே திட்டம் 2-ஐ ஆரம்பிக்கிறார். 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் ₹8,545. மூணு வருஷத்துல வட்டி மட்டும் சுமார் ₹57,600. திட்டம் 2-ல மண் வேலைக்கும் வாய்க்காலுக்கும் ஜல்லிக்கும் ஆகிற மொத்தச் செலவைவிட இது அதிகம்.

ரெண்டாமவர் திட்டம் 3-ஐ எடுத்து, ஜனவரியில ஆர்டி ஆரம்பிக்கிறார். 12 மாசத்துல ₹1,02,000. திட்டம் 3-ல மண், சுவர், வாய்க்கால், ஜல்லி மட்டும் சேர்த்தா ₹85,600, அதோட 20% சேர்த்தா ₹1,02,720. ஆர்டி வட்டியே அந்தச் சின்னக் குறையை அடைச்சிடும். அடுத்த ஜனவரியில காய்ஞ்ச மண்ணுல வேலை ஆரம்பிக்குது. அடுத்த ஆறு மாசத்துல இன்னும் ₹51,000. படிக்கும் செடிக்கும் 20% சேர்த்து ₹50,400. ஜூலையில மண்ணு ஈரமா இருக்கும்போது செடி நடலாம். கடன் இல்ல, வட்டி இல்ல.

ஒன்றரை வருஷத்துல தேவைப்படற பணம் இது. அதனால ஈக்விட்டி எஸ்ஐபியில போடாதீங்க. ஆர்டி, இல்லைன்னா லிக்விட் ஃபண்டு போதும். எமர்ஜென்சி ஃபண்டுல ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேரலைன்னா, முதல்ல அதை நிரப்புங்க, தோட்டம் காத்திருக்கும்.

காத்திருக்கக் கூடாத ஒரே வரி வாய்க்கால். சுவர் இப்பவே சாஞ்சிருந்தாலோ, மண்ணுல வெடிப்பு தெரிஞ்சாலோ, கூரைத் தண்ணி சரிவுல நேரா விழுந்தாலோ, அந்த ₹28,000 வேலையை மட்டும் இந்த மழைக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. அது தோட்டச் செலவு இல்ல, வீட்டுக்கான பாதுகாப்பு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். "தோட்டம் போட்டா வீட்டு மதிப்பு ஏறும், இது ஒரு முதலீடு"ன்னு உங்களை நீங்களே ஏமாத்திக்காதீங்க. இது செலவுதான். அம்மா வழுக்காம இறங்கி, சாயந்திர வெயில்ல உட்கார்றதுக்கான செலவு. அதைச் செலவுன்னே ஒத்துக்கிட்டாதான் எவ்வளவு வரைக்கும் போகலாம்னு கோடு போட முடியும்.

10. வேலை வரிசை

- ஜனவரி முதல் மார்ச்: வாய்க்கால், மண், சுவர். இந்த வரிசையில.
- ஏப்ரல், மே: சீசன். மலைப்பாதையில நெரிசல், லோடு வண்டி நேரத்துக்கு வராது. பெரிய வேலை வைக்காதீங்க.
- ஜூன், ஜூலை: நடவு. செடியா வாங்காம, அக்கம்பக்கத்துல ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம் கிளை கேளுங்க. கிளையிலயே வேர் பிடிக்கும், காசு மிச்சம்.
- செப்டம்பர்: வாய்க்காலைத் தூர் வாருங்க, சுவர் ஓட்டைகள்ல அடைப்பை எடுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ரெண்டு ஆள்னா ₹3,600. இதை மாசம் ₹300-ன்னு இப்பவே பட்ஜெட்ல போட்டுடுங்க.

வீட்டுப்பாடம்

அகலம் 25 அடி, நீளம் 32 அடி, இறக்கம் 8 அடி. 4 தளம் போட்டா எவ்வளவு மண் வெட்டணும்? எத்தனை ஆள்? நடுவுல எத்தனை அடி நீளச் சுவர், எவ்வளவு உயரம்?

விடை: 32 × 8 × 25 ÷ 8 ÷ 4 = 200 கன அடி. ஆளுக்கு 40 கன அடின்னா 5 ஆள். தளங்களுக்கு நடுவுல 3 சுவர், ஒவ்வொண்ணும் 2 அடி உயரம், மொத்தம் 75 அடி நீளம்.

சரியா வந்துச்சா? அப்போ அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டியூப் லெவலோட ஒரு மணி நேரம் பின்தோட்டத்துல இறங்குங்க. குச்சியைப் பிடிக்க அப்பாவைக் கூப்பிடுங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அவர்கிட்டயே கேளுங்க. இத்தனை வருஷ மழையைப் பார்த்தவர் அவர். அந்த ஒரு தகவல் எந்த எஸ்டிமேட்லயும் வராது.